வாசலில் திரும்பிய பெயர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

மலாக்காவில், ஜாலான் காஜா பெராங் சாலையில், மோட்டார் உதிரிபாகக் கடையின் மேல்மாடியிலுள்ள நம் இணையதள அலுவலகத்தில், சன்னலோரமாக இருக்கும் மேசையில் இப்போது உங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சில ஆண்டுகள் அது என் மேசையாக இருந்தது. பிறகு இலக்கியம் படிக்கப் போய்விட்டேன். ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்வது வயதுக்குப் பொருந்தாது. தொழிலை விட்டவள் என்பதே சரி. உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தருமாறு அலுவலகத்தில் கேட்டார்கள். எந்தக் கட்டளையை எந்த வரிசையில் தட்டுவது என்பதை நீங்களே விரைவில் கற்றுக்கொள்வீர்கள். அதை நான் எழுதவில்லை. நெருக்கடியில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதை மட்டும் ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்லப் பார்க்கிறேன்.

நம் தொழிலில் ஒரே நிரல் இரண்டு இடங்களில் வாழ்கிறது. நம் கணினியில் நாமே ஓட்டிப் பார்ப்பதை ‘லோக்கல்’ என்கிறோம். மக்கள் வந்து பயன்படுத்தும் சர்வரை ‘லைவ்’ என்கிறோம். இரண்டிலும் அது ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கை அடிக்கடி பொய்க்கும். நான் சேர்ந்த புதிதில், கிளேபாங்கில் இருந்த ஒரு மீன் உணவகத்தின் தளத்தை லைவில் ஏற்றியதும் படங்கள் எல்லாம் மறைந்துபோயின. கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருந்தன. என் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை, லைவ் சர்வர் கண்டுகொண்டது. உணவகக்காரர் கூப்பிட்டு, “மிஸ், மீனெல்லாம் கடலுக்கே திரும்பிப் போயிருச்சு போல” என்றார். அன்றே சரிசெய்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்டவை உங்களுக்கும் நேரும், சிரித்துவிட்டுக் கடந்துபோவீர்கள். நான் சொல்ல வந்தது சிரித்துக் கடக்க முடியாத ஒன்று.

புக்கிட் பாருவில் ஒரு பயிற்சிக் கழகத்துக்குச் சேர்க்கைத் தளம் செய்து கொடுத்திருந்தோம். மருந்தக உதவியாளர் படிப்பு. கட்டணம் இல்லை, விடுதி உண்டு. தேர்வான ஒவ்வொருவருக்கும் கைப்பேசியில் ஓர் இணைப்பு போகும். அதைத் திறந்து, ‘இடத்தை ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். குறித்த நேரத்துக்குள் அழுத்தாதவர் இடத்தை விட்டுவிட்டதாகக் கொள்வார்கள். அது காத்திருப்போருக்குப் போய்விடும்.

மெர்டேக்கா எனப்படும் சுதந்திர தின விடுமுறைக்கு முந்திய வாரம் அது. கீழே கடைக்காரர் ஏணி போட்டுக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். முதலாளி வேலையாகக் கோலாலம்பூர் போயிருந்தார். அலுவலகத்தில் நானும் தேவனும் மட்டும் இருந்தோம். சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் தேவன். பக்கத்துக் கம்போங்கில், அதாவது சிற்றூரில், இருக்கும் செட்டிக் குடும்பத்தவர்; பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டிலும் வெளியிலும் மலாக்கா மலாய்தான் பேசுவார். நான் ‘அண்ணே’ என்றால் திரும்பிப் பார்ப்பார், பதில் மலாயில் வரும். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

காலையில் ஓர் அழைப்பு வந்தது. தளத்தின் அடியில் நம் எண் இருப்பதால் சில நேரம் மக்கள் நேராக நம்மையே கூப்பிட்டுவிடுவார்கள்.

“ஹலோ, அந்தக் காலேஜ் வெப்சைட் செய்யுற ஆபீஸா?”

“ஆமாங்க. சொல்லுங்க.”

“என் பேரு மணியம், மிஸ். லோரி ஓட்டுறேன். மகளுக்கு இடம் கிடைச்சிருக்குன்னு மெசேஜ் வந்துச்சு. அதுல உள்ளத அமுக்குனா பக்கம் வரமாட்டேங்குது.”

“வேற போன்ல பாத்தீங்களா?”

“அவ போன், என் போன், சம்சாரம் போன், பக்கத்து வீட்டுப் போன். இனி லோரில போட்டுப் பாக்குறதுதான் பாக்கி.”

“என்ன வருதுன்னு சொல்ல முடியுமா?”

“வெள்ளையா வருது. மேல கறுப்பா இங்கிலீஷ்ல என்னமோ இருக்கு. மகளக் கேட்டா வாயத் திறக்கமாட்டேங்குது. காலேஜ்ல கேட்டேன், மத்தவங்களுக்கெல்லாம் வருதுன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு மத்தியானத்தோட முடியுது மிஸ். போன வருசமும் எழுதிப் போட்டு கிடைக்கல. இந்த வாட்டிதான் கிடைச்சுச்சு.”

மகளின் பெயர் துளசி. அதே முழுப் பெயரில் லோக்கலில் ஒரு பதிவு செய்து திறந்தேன். நீலத் தலைப்பும் கழகச் சின்னமும் பெயரும் பொத்தானும் ஒழுங்காக வந்தன. லைவில் எங்கள் சோதனைப் பதிவைத் திறந்தேன். அதுவும் வந்தது. லைன் மெதுவாக இருக்கலாம், மாலையில் மீண்டும் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

“சாயந்தரமும் இதே போன்தான் மிஸ் இருக்கும்” என்றார் மணியம். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அந்த அழைப்பை முடித்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.

கழகத்தில் சேர்க்கையைக் கவனித்தவர் ரொஹானி என்ற மலாய் அம்மையார்; ‘புவான்’ என்று அழைப்போம். அவரைக் கூப்பிட்டேன். என்னைவிட மிகவும் மூத்தவரானாலும் என்னை மலாயில் ‘சிக்’, அதாவது செல்வி, என்று மரியாதையாகவே அழைப்பார்.

“எல்லாம் நன்றாகத்தான் போகிறது, சிக். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். விட்டுப்போனவர்கள் எல்லாம் இந்தியப் பிள்ளைகள். விருப்பம் இல்லை போலிருக்கிறது. காத்திருப்பவர்களின் அம்மாக்கள் என் அறை வாசலை விட்டு நகர மறுக்கிறார்கள். இன்றே அவர்களுக்குச் சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன்.”

அவர் பேச்சில் இளக்காரம் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் முன்னால் நாம் செய்து கொடுத்த திரை இருந்தது. அதில் யார் அழுத்தினார், யார் அழுத்தவில்லை என்பது மட்டுமே தெரியும். அழுத்த முடியாதவர் என்று மூன்றாவது ஒரு வகையை நாம் அந்தத் திரையில் வைக்கவில்லை.

“தயவுசெய்து இன்று யாருக்கும் சொல்லாதீர்கள், புவான்.”

“ஏன்? என்ன கோளாறு?”

“இன்னும் தெரியவில்லை.”

“தெரியாமல் எப்படி நிறுத்துவது? இயக்குநர் என்னைத்தான் கேட்பார்.”

“விருப்பம் இல்லாதவர் எங்களைக் கூப்பிடமாட்டார். இன்று காலை ஒரு தகப்பனார் கூப்பிட்டார். நீங்கள் தாமதித்தால் தாமதம் மட்டும்தான். ஓர் அம்மாவிடம் இடம் உண்டு என்று சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது.”

மறுமுனையில் அவர் யாரிடமோ கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், “நாளை மதியம் வரை. அதற்கு மேல் என் கையில் இல்லை” என்றார்.

மணியத்தின் அழைப்பைப் பற்றி நான் அனுப்பிய தகவலுக்கு முதலாளி போட்ட பதிலை, இதைச் செய்து முடித்த பின்தான் பார்த்தேன். ‘நான் வரும்வரை நம்ம சைட்ல பிரச்சினைன்னு யார்கிட்டயும் சொல்லாதே.’ அவர் பயமும் நியாயமானதே; அந்த ஆண்டு நமக்கு இருந்த பெரிய வேலை அது. நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பதை அப்படியே எழுதி அனுப்பினேன். ‘சரி, பாத்து’ என்று மட்டும் பதில் வந்தது. காரணத்தைத் தேடுவதற்கு முன்னால், திருப்ப முடியாதது எது என்று பார்த்து அதை முதலில் நிறுத்துங்கள். காரணம் எங்கும் ஓடிப்போகாது.

தேவன் தம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“இந்தியப் பிள்ளைகள் மட்டும் என்றால் பெயராகத்தான் இருக்க வேண்டும்.”

“பெயரை நான் சோதித்துவிட்டேன், அண்ணே. முதல் பதிவே என் பெயர்தான்.”

நம் அடையாள அட்டைகளில் பெயர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி, அதன் பின்னால் அப்பாவின் பெயர். மலாயில் மகள் என்பதற்கான இரண்டு சொற்களின் முதலெழுத்துகள், நடுவே ஒரு சாய்கோடு. வெளியூரில் எழுதிய தளங்கள் பல இந்தக் கோட்டை ஏற்காமல், பெயரில் குறியீடுகள் கூடாது என்று நம்மைத் திட்டும். அதனாலேயே தளத்தை எழுதும்போது என் முழுப் பெயரையும் கோட்டோடும் அப்பாவோடும் முதலில் போட்டுப் பார்த்தேன். நம் ஆட்களுக்குத் தடை இருக்காது என்று உறுதியாக நம்பியதற்கு அதுதான் காரணம்.

“எதில் போட்டாய்?” என்றார் தேவன்.

“லோக்கலில்.”

“லைவில்?”

“லைவில் ‘உஜியான்’ என்று ஒரு சோதனைப் பெயர். உண்மையான மாணவர்களுக்கு நடுவில் என் பெயரை எப்படி நுழைப்பது?”

“அப்படியென்றால் உன் அப்பாவை லைவ் சர்வர் இன்னும் பார்த்ததே இல்லை” என்றார்.

மணியத்தைக் கூப்பிட்டு, இணைப்பை இன்னொரு முறை அழுத்தச் சொன்னேன். லோரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுத்தினார். எங்கள் நிரலுக்கு யார் வந்தாலும் அதன் லாக் கோப்பில் ஒரு வரி விழும். வரி விழவில்லை. அவர் மீண்டும் அழுத்தினார். அப்போதும் இல்லை.

“வெள்ளைப் பக்கம் என்றாரே?” என்றார் தேவன். “நம் நிரல் பிழை காட்டினாலும் நீலத்தில்தானே காட்டும்?”

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. நாங்கள் எழுதிய பிழைப் பக்கத்திலும் நீலத் தலைப்பும் கழகச் சின்னமும் உண்டு. வெள்ளைப் பக்கம் எங்களுடையதே இல்லை. துளசி எங்கள் நிரல்வரை வந்து சேரவே இல்லை. மணியம் காலையிலேயே தாம் கண்டதைச் சொல்லிவிட்டார். நான் அவருடைய போனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லைவில் நம் நிரலுக்கு முன்னால் வாசல் காவல்போல இன்னொரு சர்வர் நிற்கிறது. வருபவரை முதலில் அது பார்த்துத்தான் உள்ளே விடும். லோக்கலில் அந்த வாசல் கிடையாது. நான் நேராக உள்ளறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இணைய முகவரியில் சாய்கோடு என்பது ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவிலுள்ள பிரிப்பு. மாணவரின் பெயரையே நான் முகவரியில் வைத்திருந்ததால், பெயரில் உள்ள கோட்டை நிரல் ஒரு மறைகுறியாக மாற்றி அனுப்பும், பிறகு தானே திரும்ப மாற்றிக்கொள்ளும். வாசல் சர்வர் அப்படியில்லை. மறைத்து வைத்த சாய்கோட்டோடு வருகிறவர் தந்திரம் செய்கிறார் என்பது அதன் பழைய எச்சரிக்கை. அப்படிப்பட்ட முகவரி இங்கே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். ‘பின்’, ‘பிந்தி’ என்று தந்தை பெயரைச் சேர்க்கும் மலாய்ப் பிள்ளைகளும், கோடே இல்லாத சீனப் பிள்ளைகளும் தடையின்றி உள்ளே போனார்கள். இன்னார் மகள் என்று சொன்னவர்களும், இன்னார் மகன் என்று சொன்னவர்களும் வாசலோடு திரும்பினார்கள்.

காரணம் தெரிந்துவிட்டால் பாதி முடிந்தது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் தெரிந்த உடனே குறுக்கு வழிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றும் நல்ல முகத்தோடு வரும்.

வாசல் சர்வரில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும், கோடு உள்ளே வந்துவிடும். நான் கேட்டேன். தேவன் முடியாது என்று தலையை ஆட்டினார்.

“அந்த வாசல் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் பொது. அந்தக் காவலை யார் எதற்காக வைத்தார்கள் என்று படித்துப் பார்க்காமல் நான் எடுக்கமாட்டேன். நேரமில்லாத நாளில் நிச்சயமாக எடுக்கமாட்டேன்.”

புவான் ரொஹானியிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் வேறொரு வழி சொன்னார். “அந்த ஏ/பியை எடுத்துவிடுங்களேன், சிக். பெயரையும் அப்பா பெயரையும் மட்டும் வைத்தால் வேலை சுலபம்தானே?”

உதவ நினைத்துத்தான் சொன்னார். அந்த வழி வேலையும் செய்திருக்கும்.

“சான்றிதழில் அந்தப் பெயர்தான் வரும், புவான். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கௌண்டரிலும் நின்று, இது நான்தான் என்று நிரூபிக்க வேண்டும்.”

அவர், “முதல் கௌண்டரில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்” என்றார். அதன் பிறகு அதைப் பேசவில்லை.

முகவரியில் பெயரே வேண்டாம், விண்ணப்ப எண்ணை வைப்போம் என்று நானும் தேவனும் முடிவு செய்தோம். பெயர் பக்கத்தின் உள்ளே முழுதாக இருக்கும். மாற்றம் சிறியது. ஆனால் அதை நேராக லைவில் ஏற்றவில்லை. மூலையில் சும்மா கிடந்த பழைய கணினியில் தேவன் முதலில் லைவில் உள்ள அதே வாசலை நிறுவினார். பழைய நிரலை அதன் பின்னால் வைத்து என் பெயரைக் கொடுத்தோம். வெள்ளைப் பக்கம் வந்தது. கோளாறை நம் அறையிலேயே வரவழைத்த பிறகுதான் புதிய நிரலை வைத்தோம். நீலம் வந்தது. இது எனக்கு அப்போது வீண் தாமதமாகப் பட்டது. ஒவ்வொரு நிமிடமும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தத் தாமதம் இல்லாமல் ஏற்றியிருந்தால், சரியாகிவிட்டது என்று மணியத்திடம் இரண்டாம் முறையும் தெரியாமலே சொல்லியிருப்பேன். அந்தப் பழைய கணினி இன்னமும் அந்த மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் தேநீர்க் குவளை வைக்காதீர்கள்.

மறுநாள் காலையில் புதிய இணைப்புகள் போயின. சிலர் உடனே அழுத்தினார்கள். சிலர் திறக்கவே இல்லை. துளசியும் திறக்கவில்லை. ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் அதே வாசலுக்கு மறுபடி வருவார் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்? செய்தி அனுப்பியாயிற்று என்று நாங்கள் நின்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். மதியத்துக்கு அதிக நேரம் இல்லை. புவான் ரொஹானியும் நானும் பெயர்களைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். துளசி என் பங்கில் இருந்தாள். மணியத்திடம் அவள் எண்ணை வாங்கினேன்.

“கிளேபாங்குல மினி மார்க்கெட்டுல நிக்குது மிஸ். நேத்துதான் போய்ச் சேந்துச்சு. ஏன் இவ்வளவு அவசரம்னு கேட்டேன், சும்மா வீட்டுல இருந்து என்ன பண்றதுங்குது.”

அவள் எடுத்தாள். பின்னால் பொருள்களின் விலையைப் படிக்கும் கருவி ‘டிக்’, ‘டிக்’ என்று ஒலித்துக்கொண்டிருந்தது. நான் யாரென்று சொன்னேன்.

“புது லிங்க் வந்துச்சா, துளசி?”

“வந்துச்சு கா. திறக்கல.”

“ஏன்?”

“முன்னமே பாத்துட்டேன். என் பேரு, அப்பா பேரு எல்லாம் போட்டு, காணோம்னு எழுதியிருந்துச்சு. அதுக்கு மேல என்ன கேக்குறது?”

வாசல் சர்வர் திருப்பி அனுப்பும்போது, கேட்கப்பட்ட முகவரியை அப்படியே அச்சிட்டு, இது இந்த சர்வரில் இல்லை என்று கீழே எழுதும். முகவரியில் இருந்தது அவள் பெயர். லோக்கலில் பக்கம் உடைந்தால் அதைப் பார்ப்பது நாம். நமக்கு அது இயந்திரத்தின் புகார். லைவில் அதைப் பார்ப்பவர்கள், நாம் சொல்ல நினைக்காத ஒன்றை நாம் சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டு சர்வர்களுக்கும் நடுவிலுள்ள வேறுபாடுகளில் எந்த அமைப்புக் கோப்பிலும் எழுதப்படாதது இதுதான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

“அது உன்னைக் காணோம்னு சொல்லல, துளசி. எங்க பக்கத்தக் காணோம்னு சொல்லுச்சு. தப்பு எங்களோடது. உன் இடம் உனக்குத்தான் இருக்கு.”

‘டிக்’ ஒலி நின்றது.

“அப்ப என்னை வேணாம்னு யாரும் சொல்லலையா?”

“யாரும் சொல்லல.”

“இருங்க கா. கட் பண்ணாதீங்க.”

காத்திருந்தேன். யாரோ சில்லறை கேட்டார்கள், அவள் கொடுத்தாள். ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுதது.

“நீலமா வருது கா.”

“பேரு சரியா இருக்கான்னு படி.”

படித்தாள். தன் பெயர், நடுவிலுள்ள எழுத்துகள், அப்பா பெயர், ஒன்றும் விடவில்லை. பொத்தானை அழுத்தச் சொன்னேன். என் திரையில் அவள் பெயருக்கு நேரே ஏற்றுக்கொண்டதற்கான குறி விழுந்தது.

“‘தெரிமா காசே’ன்னு நன்றி சொல்லி வந்திருக்கு கா. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

போனை மேசையில் வைத்துவிட்டாள் போலும்; இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள். கொஞ்சம் தள்ளி அவள் கடைக்காரப் பெண்மணியை மலாயில் ‘காக்’, அதாவது அக்கா, என்று அழைத்துப் பேசுவது கேட்டது.

“காக், நான் இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்.”

“நேற்றுதானே வந்தாய்?” என்றது ஒரு பெண் குரல்.

“ஆமா காக். காலேஜ் கூப்பிட்டுருச்சு.”